எண்கோட்டுல புள்ளி எங்க இருக்குன்னு கேக்கிற டேட்டா சஃபிஷியன்சி கணக்கு: ஒரு படம் போட்டா போதுமா?

ஒரு வாசகர் கேட்டது, ஜூன் 3

எண்கோட்டுல க, ச, த ன்னு மூணு புள்ளி. க-வுக்கும் ச-வுக்கும் நடுவுல த இருக்கா? (1) க-வுக்கும் த-வுக்கும் தூரம் 5. (2) ச-வுக்கும் த-வுக்கும் தூரம் 7. ரெண்டையும் சேர்த்தா 12 வருது, அப்ப த நடுவுலதான, ஆன்சர் சி தான? விடையில ஈ ன்னு போட்டிருக்கு. பிரிண்ட் மிஸ்டேக்கா?

ஜூன் 3, மாலை

மிஸ்டேக் இல்ல, ஈ தான் சரி, அதாவது ரெண்டு தகவலும் சேர்ந்தும் பதில் சொல்லப் பத்தாது. அந்த 12 எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. கேள்வியில இல்ல, (1)-லயும் இல்ல, (2)-லயும் இல்ல. நீங்க வரைஞ்ச படத்துல இருந்து வந்திருக்கு. க-வை இடது ஓரத்துல போட்டீங்க, த-வை நடுவுல போட்டீங்க, ச-வை வலது ஓரத்துல போட்டீங்க, அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்தே "ஆமா நடுவுலதான் இருக்கு"ன்னு சொல்லிட்டீங்க.

த-வை 0-ல வைங்க. க 5-லயும் இருக்கலாம், −5-லயும் இருக்கலாம். ச 7-லயும் இருக்கலாம், −7-லயும் இருக்கலாம். மொத்தம் நாலு படம். க 5, ச −7 ன்னா த நடுவுல வருது. க 5, ச 7 ன்னா ரெண்டுமே த-வுக்கு வலப்பக்கம் போயிடுது, க-வுக்கும் ச-வுக்கும் வெறும் 2 தான் தூரம், த வெளியில நிக்குது. ஒரு படத்துல ஆமா, இன்னொரு படத்துல இல்ல. அப்ப ரெண்டு தகவலும் சேர்ந்தும் பத்தல.

ஜூன் 3, ராத்திரி

இந்த வகை கேள்வியே புதுசா பார்க்கிறவங்களுக்கு: இது எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் பரீட்சையில வர்றது, குடுத்த ரெண்டு வாக்கியம் பதில் சொல்லப் போதுமான்னு மட்டும்தான் கேக்கும். முதல் வாக்கியம் மட்டும் போதும்னா ஏ, ரெண்டாவது மட்டும் போதும்னா பி, ரெண்டும் சேர்ந்தாத்தான் போதும்னா சி, தனித்தனியாவே ரெண்டும் போதும்னா டி, சேர்ந்தும் பத்தலன்னா ஈ. அவ்வளவுதான் சட்டம். இந்த அஞ்சும் எப்பவும் மாறாது, அதனால பரீட்சையில இதைப் படிக்க நேரம் செலவு பண்ணாதீங்க.

ஜூன் 4

காலையில இதையே கொஞ்சம் மாத்திப் பார்த்தேன். கேள்வி அதே கேள்வி. (1) க-வுக்கும் த-வுக்கும் தூரம் 5. (2) க-வுக்கும் ச-வுக்கும் தூரம் 3.

க-வை 0-ல வச்சா த 5 இல்ல −5, ச 3 இல்ல −3. திரும்பவும் நாலு படம். ஆனா எந்தப் படத்துலயும் த நடுவுல வர்றதில்ல, வரவும் முடியாது, ஏன்னா க-ல இருந்து ச 3 தூரத்துலயே முடிஞ்சு போகுது, த 5 தூரத்துல இருக்கு. அப்ப பதில் "இல்லவே இல்ல". இந்த "இல்லவே இல்ல" போதுமான பதில், ஆன்சர் சி. நாலு படம் வருதுங்கிறதுக்காக ஈ போடக்கூடாது, நாலும் ஒரே பதிலைச் சொல்லுதான்னுதான் பார்க்கணும்.

நான் பிராக்டிஸ் பண்ண காலத்துல அதிகமா மார்க் விட்டது இந்த இடத்துலதான். கணக்கை சரியா போடுவேன், த நடுவுல இல்லன்னு கண்டுபிடிப்பேன், கை தானா போய் "பத்தாது"ன்னு டிக் பண்ணும். கேள்விக்கு "இல்ல"ன்னு பதில் வந்ததும், தகவலும் "இல்ல"ன்னு மூளை எடுத்துக்குது. மூணு வாரம் கழிச்சுதான் தப்பு பண்ண கணக்கை மட்டும் ஒரு நோட்ல எழுதிப் பார்த்தேன், அப்பதான் எல்லாம் ஒரே தப்புன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஓரத்துல "ஆமா", "இல்ல", "தெரியாது" ன்னு மூணு வார்த்தை எழுதிடுவேன். முதல் ரெண்டுல எது வந்தாலும் போதும், மூணாவது வந்தாத்தான் பத்தாது.

அந்த 3-ஐ 8-ன்னு மாத்துங்க, உடனே ஈ ஆயிடும். ச 8-ல இருந்தா த 5-ல நடுவுல வரலாம், −5-ல வெளியில போகலாம். எண் ஒண்ணு மாறினதும் ஆன்சரே மாறுது, அதனால "தூரம் குடுத்தா எப்பவும் ஈ"ன்னு மனப்பாடம் பண்ணி வச்சுக்காதீங்க.

ஜூன் 6

எனக்குப் பிடிச்ச ஒண்ணு. ப, ம ரெண்டும் எண்கோட்டுல இருக்கு, ப-வுக்கு வலப்பக்கம் ம. ப × ம நெகட்டிவ்வா? (1) |ப| + |ம| = ம − ப. (2) ப + ம = 0.

(1)-ஐ தூரமா வாசிங்க. |ப| ன்னா சைபர்ல இருந்து ப-வுக்கு உள்ள தூரம், |ம| ன்னா சைபர்ல இருந்து ம-வுக்கு, ம − ப ன்னா அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள தூரம். ப-ல இருந்து சைபருக்குப் போயி அங்க இருந்து ம-வுக்குப் போனா, நேரா ப-ல இருந்து ம-வுக்குப் போன தூரமே வருது. அப்ப சைபர் வழியிலேயே இருக்கு. ப இடப்பக்கம் நெகட்டிவ், ம வலப்பக்கம் பாசிட்டிவ். போதும்.

(2) ன்னா சைபர் சரியா நடுவுல, அதுவும் போதும். ஆன்சர் டி. எங்கயும் கேஸ் பிரிக்கல, ஸ்கொயர் பண்ணல, முப்பது செகண்ட்ல முடிஞ்சுது.

ஜூன் 7

நேத்து எழுதினதைப் படிச்சிட்டு, |ப + 5| ன்னு வந்தா தூரமா எப்படி வாசிக்கிறதுன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க. |ப − 3| ன்னா 3-ல இருந்து ப-வுக்கு உள்ள தூரம். |ப + 5| ன்னா 5-ல இருந்து இல்ல, −5-ல இருந்து, ஏன்னா அது |ப − (−5)|. இந்த ஒரு குறி மாறிப்போச்சுன்னா கணக்கு முழுக்க கோட்டோட மறுபக்கம் போயிடும்.

கேள்வி: ப பாசிட்டிவ்வா? (1) |ப − 3| < |ப + 5|. (2) |ப − 6| < |ப + 2|. (1) என்ன சொல்லுது? −5-ஐ விட 3-க்கு ப கிட்ட இருக்கு. −5-க்கும் 3-க்கும் நடுப்புள்ளி −1, அப்ப ப −1-க்கு வலப்பக்கம். −1/2 ஆ இருக்கலாம், 10 ஆ இருக்கலாம், பத்தாது. (2)-ல −2-ஐ விட 6-க்கு கிட்ட, நடுப்புள்ளி 2, அப்ப ப 2-க்கு வலப்பக்கம், கண்டிப்பா பாசிட்டிவ். ஆன்சர் பி. ஸ்கொயர் பண்ணிப் பிரிச்சாலும் இதே விடைதான் வரும், ஆனா பேப்பர்ல நாலு வரி ஆகும், அந்த நாலு வரியில ஒரு மைனஸ் எங்கயாவது தொலைஞ்சு போகும்.

சம்பந்தம் கொஞ்சம் கம்மிதான், இருந்தாலும் சொல்லிடறேன். 1685-ல ஜான் வாலிஸ் நெகட்டிவ் எண்ணை விளக்கறதுக்கு நடந்து போற ஆளைத்தான் எடுத்துக்கிட்டாரு. ஒருத்தன் 5 கஜம் முன்னால போயி 8 கஜம் பின்னால வந்தா எவ்வளவு முன்னேறியிருக்கான்? −3, அதாவது புறப்பட்ட இடத்துக்கும் 3 கஜம் பின்னால. அவன் நடந்த மொத்தம் 13 கஜம், நிக்கிற இடம் −3. தூரம் வேற, இடம் வேறங்கிறது அந்த ஒரு உதாரணத்துலயே இருக்கு. ஜூன் 3 கேள்வியில குழம்பினதும் இதேதான், தூரத்தை மட்டும் குடுத்துட்டு எந்தப் பக்கம்னு சொல்லாம விட்டுட்டாங்க. எனக்கு இந்த நடக்கிற ஆளை ரொம்பப் பிடிக்கும், இன்னைக்கும் தூரம்னு பார்த்தா ஒரு ஆளை மனசுல நிக்க வச்சு "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா"ன்னு கேட்டுக்கறேன்.

ஜூன் 8

திருத்தம். ஜூன் 6-ல டி ன்னு போட்டது தப்பு. ஆன்சர் பி.

ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் உறைச்சுது. சைபர் "வழியிலேயே இருக்கு"ன்னு சொன்னேன், அது சரி. ஆனா வழியோட ஓரத்துலயும் இருக்கலாமே. ப = 0, ம = 5 எடுத்துக்குங்க. |0| + |5| = 5, ம − ப-வும் 5, வாக்கியம் (1) அப்படியே பொருந்துது. ப × ம = 0, நெகட்டிவ் இல்ல. இன்னொரு பக்கம் ப = −2, ம = 5 ன்னா பெருக்கல் நெகட்டிவ். ரெண்டு படம், ரெண்டு பதில், (1) பத்தாது. (2)-ல அந்த ஓட்டை கிடையாது, ஏன்னா ப, ம ரெண்டும் வேற வேற எண், கூட்டினா 0 வருதுன்னா ரெண்டுல எதுவும் சைபரா இருக்க முடியாது.

ஜூன் 6 பதிவைப் பார்த்து டி ன்னு நோட்ல எழுதியிருந்தா அடிச்சிடுங்க. அதை அழிக்காம அப்படியே விட்டிருக்கேன், ஏன்னா தப்பு எப்படி நடந்துச்சுங்கிறது விடையை விட உபயோகமா இருக்கும்னு நினைக்கிறேன். யோசனை சரியாத்தான் போச்சு, தூரமா வாசிச்சதும் சரி, கடைசியில நடுவுல மட்டும் பார்த்துட்டு ஓரத்தைப் பார்க்கல. "நடுவுல"ன்னு வாயில வந்தாலே ஓரம் சேருமா சேராதான்னு கேட்டுக்கணும். ஜூன் 4 கணக்குல 3-க்கு பதிலா 5 ன்னு இருந்தா என்ன ஆகும்னு யாரும் கேக்கல. அப்ப த ஒண்ணு ச மேலயே உக்காந்திருக்கும், இல்லன்னா நேர் எதிர்ப் பக்கம் இருக்கும். ச மேல உக்காந்திருக்கிறது நடுவுல இருக்கிறதா ஆகாது. அதனால அங்கயும் "இல்ல" தான், சி தான்.

ஜூன் 11

சம இடைவெளி கோடு. வல்லின வரிசையிலேயே பேர் வைப்போம்: க, ச, ட, த, ப. இடமிருந்து வலம், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவுல ஒரே இடைவெளி. ட-வோட மதிப்பு என்ன? (1) க + ப = 6. (2) ச + த = 6.

இதுல நிறைய பேர் ஈ-க்கோ சி-க்கோ போவாங்க, ஏன்னா பள்ளிக்கூடத்துல இருந்தே "தெரியாதது ரெண்டுன்னா சமன்பாடு ரெண்டு வேணும்"ன்னு மண்டையில ஏறியிருக்கு. இங்க தெரியாதது ரெண்டுதான்: கோடு எங்க ஆரம்பிக்குது, இடைவெளி எவ்வளவு. ஆனா கேட்டது ட-வை மட்டும். ட க-வுக்கும் ப-வுக்கும் நடுப்புள்ளி, அப்ப க + ப-ங்கிறது ட-வோட ரெண்டு மடங்கு, ட = 3. இடைவெளி 1 ஆ இருந்தாலும் 100 ஆ இருந்தாலும் கவலையில்ல. (2)-லயும் அதே, ச-வுக்கும் த-வுக்கும் ட தான் நடு. ஆன்சர் டி.

இப்ப கேள்வியை மட்டும் மாத்துங்க, வாக்கியம் ரெண்டும் அப்படியே இருக்கட்டும். இடைவெளி எவ்வளவு? சமன்பாடு ரெண்டு இருக்கு, தெரியாதது ரெண்டு, கண்டுபிடிச்சிடலாம்னு தோணும். முடியாது, ஈ. ரெண்டு வாக்கியமும் "ட = 3"ன்னு ஒரே சேதியைத்தான் சொல்லுது, ரெண்டு ஆள் வந்து ஒரே விஷயத்தை சொல்லிட்டுப் போன மாதிரி. ட-வை 3-ல ஆணி அடிச்சுட்டு மிச்சப் புள்ளிகளை ரெண்டு பக்கமும் ரப்பர் மாதிரி இழுங்க, க + ப 6 ஆவே இருக்கும், ச + த-வும் 6 ஆவே இருக்கும்.

(2)-ஐ ச + ப = 10 ன்னு மாத்தினா கதை வேற. ச-வுக்கும் ப-வுக்கும் நடுப்புள்ளி ட-வுக்கும் த-வுக்கும் நட்டநடுவுல, அது 5. ட 3, அதுல இருந்து அரை இடைவெளி 2, முழு இடைவெளி 4. இப்ப சி. சரிபார்க்கணும்னா −5, −1, 3, 7, 11 ன்னு போட்டுப் பாருங்க.

இந்தக் கணக்கு எனக்கு ஏன் முக்கியம்னா, சமன்பாட்டை எண்ணிப் பார்த்து ஆன்சர் போடற பழக்கத்தை இதுதான் விட வச்சுது. அதுவரைக்கும் நான் அப்படித்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன், பத்துல ஏழு தடவை சரியா வேற வந்துடும், அதனால சந்தேகமே வரல.

ஜூன் 11, கொஞ்ச நேரம் கழிச்சு

கேள்வியிலயே கோடு வரைஞ்சு குடுத்திருந்தா அதை எவ்வளவு நம்பலாம்? ஜிமேட்ல படத்துல இருக்கிற வரிசையை நம்பலாம், க-வுக்கு வலப்பக்கம் ச வரைஞ்சிருந்தா ச பெருசுதான். இடைவெளியை நம்பாதீங்க. சமமா தெரியறதால சமம்னு எடுத்துக்கக்கூடாது, வாக்கியத்துல எழுதியிருக்கணும். சைபர் போடாத கோட்டுல நாமளே சைபரை நடுவுல வச்சுப் பார்க்கிறதும் அப்படித்தான். எனக்குச் சொல்லிக்குடுத்தவர் கோட்டை வரைவாரு, புள்ளி வைப்பாரு, சைபரை மட்டும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி கோட்டு மேல நகர்த்திக்கிட்டே இருப்பாரு. எந்தெந்த இடத்துல வச்சா வாக்கியம் உடையுதுன்னு பார்க்கச் சொல்லுவாரு. இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் துண்டுப் பேப்பர் கண்ணுலயே நிக்குது.

ஜூன் 15

நேரம் பத்தி கேட்டவருக்கு. 2023 நவம்பர்ல வந்த புது ஜிமேட்ல இந்த வகை கேள்வி குவாண்ட்ல (கணக்குப் பகுதியில) இல்ல, டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்குப் போயிடுச்சு. 45 நிமிஷம், 20 கேள்வி, ஒண்ணுக்கு சராசரி ரெண்டே கால் நிமிஷம். திரையில கால்குலேட்டர் உண்டு, ஆனா எண்கோட்டுக் கணக்குக்கு அது எதுக்கும் உதவாது, இதுல பெரிய கூட்டல் பெருக்கல் எங்க இருக்கு.

நேரம் எங்க போகுதுன்னா (2)-ஐப் பார்க்கும்போது (1) மனசுல ஒட்டிக்கிட்டு இருக்கிறதுல. (1)-ல "ப பாசிட்டிவ்"னு படிச்சிருப்பீங்க, (2)-க்குப் படம் வரையும்போது கை தானா ப-வை வலப்பக்கம் போடும். நான் (2)-க்குப் புதுசா ஒரு கோடு வரைவேன், பழைய கோட்டை கையால மூடிட்டு. அஞ்சு செகண்ட் கூட ஆகாது.

இன்னொண்ணு, ரெண்டு வாக்கியமும் ஒண்ணுக்கொண்ணு முரண்படாது. (1)-ல இருந்து ப = 3, (2)-ல இருந்து ப = −3 ன்னு வந்தா கேள்வியைத் திட்டாதீங்க, நம்ம வேலையில எங்கயோ குறி மாறியிருக்கு. (1) கண்டிப்பா ஆமா, (2) கண்டிப்பா இல்லன்னு வந்தாலும் அப்படித்தான். செலவில்லாத செக்கிங் இது.

ஜூன் 16

எந்த எண்ணை வச்சு சோதிக்கிறதுன்னு ஒருத்தர். நான் வச்சிருக்கிறது −2, −1, −1/2, 0, 1/2, 1, 2. கோட்டை −1, 0, 1 மூணும் நாலு துண்டா வெட்டுது, வர்க்கமோ கனமோ வந்தா ஒவ்வொரு துண்டுலயும் எண் வேற மாதிரி நடந்துக்கும். ம-வை விட ம-வோட கனம் வலப்பக்கம் இருக்கா? (1) ம < 1. (2) ம > −1. சேர்த்தா −1-க்கும் 1-க்கும் நடுவுல. −1/2-க்கு கனம் −1/8, அது வலப்பக்கம், ஆமா. 1/2-க்கு கனம் 1/8, அது இடப்பக்கம், இல்ல. ஈ. முழு எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தவங்களுக்கு (1)-லயே 0, −1, −2 ன்னு எதைப் போட்டாலும் "இல்ல"ன்னு ஒரே பதில் வரும், ஏ போட்டுடுவாங்க. "முழு எண்"ன்னு கேள்வி சொல்லாத வரைக்கும் பின்னமும் உண்டு.

ஜூன் 19

நாலு புள்ளி, க < ச < த < ப. ச-வுக்கும் த-வுக்கும் நடுவுல சைபர் இருக்கா? (1) நாலையும் பெருக்கினா பாசிட்டிவ். (2) க நெகட்டிவ், ப பாசிட்டிவ்.

துண்டுப் பேப்பர் முறையிலேயே போடலாம். சைபரை இடது ஓரத்துல இருந்து நகர்த்துங்க, அதுக்கு இடப்பக்கம் எத்தனை புள்ளி விழுதோ அத்தனை நெகட்டிவ். (1) ன்னா நெகட்டிவ் எண்ணிக்கை 0, 2, இல்ல 4. (2) ன்னா 1, 2, இல்ல 3. ரெண்டுக்கும் பொதுவா 2 மட்டும்தான். ஆன்சர் சி. ஜூன் 8-ல பட்டதால ஓரத்தையும் பார்த்துட்டேன்: சைபர் எந்தப் புள்ளி மேலயாவது உக்காந்தா பெருக்கல் 0 ஆயிடும், (1) விடாது.

ஜூன் 22

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்காரு. அவரே ஒண்ணு சேர்த்திருக்காரு, நல்ல கேள்வி: "க, ச, த மூணுமே 0-க்கும் 10-க்கும் நடுவுலதான் இருக்குன்னு கேள்வியிலயே சொல்லிட்டா? மத்தது அப்படியே, 5-ம் 7-ம்."

தனித்தனியா பத்தாது. த 1, ச 8 ன்னு வச்சா (2) பொருந்துது. க அரையில இருந்தா த நடுவுல, 3-ல இருந்தா வெளியில. (1)-க்கும் இதே மாதிரி ரெண்டு படம் வரும், நீங்களே போட்டுப் பாருங்க.

சேர்த்துப் பாருங்க. த நடுவுல வரணும்னா க-வும் ச-வும் அதுக்கு ரெண்டு பக்கம் இருக்கணும், அவங்களுக்குள்ள 12 தூரம் வேணும். இருக்கிற இடமே 10. அந்தப் படம் கோட்டுல அடங்காது. மிச்சம் இருக்கிறது ரெண்டும் ஒரே பக்கம் இருக்கிற படம், அதுல த வெளியில. உதாரணத்துக்கு த 1, க 6, ச 8. பதில் கண்டிப்பா "இல்ல", ஆன்சர் சி.

ஜூன் 3-ல நீங்க போட்டதும் சி தான், அன்னைக்கு 12 வருதுன்னு போட்டீங்க, இன்னைக்கு 12 வராதுங்கிறதால சி.